தண்ணீர் போகாத தரை

பிள்ளைகளே என்றுதான் உங்களைக் கூப்பிட வருகிறது. நம்மில் சிலருக்கு முன்தலை ஏறிவிட்டது. சிலருக்கு உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. என் பெண்ணே இப்போது நாலாம் வகுப்பு. ஆனாலும் நம் பள்ளிக்கூடத்தின் அந்த இரண்டு அறைகளை நினைத்ததும், நீங்கள் எல்லாரும் மூக்கு ஒழுக, காக்கி டவுசரும் நீலப் பாவாடையுமாகத்தான் கண்ணில் நிற்கிறீர்கள்.

பள்ளி ஆண்டு விழா மலருக்கு 'நம் பள்ளியின் சாதனைகளும் இனிச் செய்ய வேண்டியவையும்' என்று பழைய மாணவர் யாராவது எழுதித் தரும்படி இப்போதைய தலைமையாசிரியை கேட்டிருந்தார். நீங்கள் எல்லாரும் குரூப்பில் கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு நழுவிவிட்டீர்கள். நான் பத்தாவதோடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காலையில் கங்கையம்மன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, அவள் பேரைச் சொல்லித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சாதனை என்றால் எனக்கு முதலில் அந்தச் சுவர்க் கடிகாரம்தான் ஞாபகம் வருகிறது. நீல பிளாஸ்டிக் வட்டம், நடுவில் ரோஜாப்பூ. அது நம் பள்ளிக்குக் கிடைத்த பரிசு. எதற்குக் கிடைத்தது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சுனாமிக்கு அடுத்த வருஷம். நான் நாலாம் வகுப்பு. நம் ஊருக்கு உப்பளத்தை விட்டால் வேறு வேலை கிடையாது. தையில் உப்புப் பாத்தி மிதிக்கத் தொடங்கினால் ஐப்பசி மழை வரும்வரை அப்பா அம்மா இருவரும் விடியும் முன்பே அளத்துக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தை யார் இடுப்பில்? மூத்த பெண் இடுப்பில். அதனால் உப்புக் காலம் முழுக்க நம் பள்ளியில் பெண்பிள்ளைகள் உட்காரும் பக்கம் வெறும் தரையாக இருக்கும். பையன்கள் அந்தப் பக்கம் கோலி விளையாடுவார்கள்.

டீச்சர் வந்துதான் அதை மாற்றினார். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததில் தலைமுடி காற்றில் பிரிந்து ஒரு பக்கமாக நிற்கும். ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் தம்பியை மடியில் போட்டுக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவன் சுனாமி வந்த மாசத்துக்கு அடுத்த மாசம் பிறந்தவன்.

"ஏன்டி ஸ்கூலுக்கு வரல?"

"தம்பி இருக்கான் டீச்சர்."

"தம்பி இருந்தா இன்னா? அவனையும் தூக்கிக்கினு வா. ஒண்ணாவதுல சேத்துடுறேன்."

நான் நிஜமென்று நினைத்து, அவனுக்கு ஸ்லேட்டு இல்லையே என்று கவலைப்பட்டேன்.

மறுநாள் போனபோது வகுப்பு உத்தரத்தில் ஒரு தூளி தொங்கியது. டீச்சருடைய பழைய பருத்திப் புடவை, மாம்பழ நிறம், கரையில் சின்னச் சின்னக் கட்டம். அடுத்த வாரம் இன்னொரு தூளி. அப்புறம் இன்னொன்று. மூன்றாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே ஒருத்தி எழுந்து போய்த் தூளியை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து சொல்லுவாள். டீச்சர் ஒன்றும் சொல்ல மாட்டார். என்னை மட்டும் திட்டுவார். நான் எப்போதும் பாதி முகத்தைத் தூளிப் பக்கம் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். ஒரு கண் தம்பி மேல், ஒரு கண் கரும்பலகை மேல். "கழுத்து அப்படியே திருகி நின்னுடப் போவுதுடி. அப்பறம் கல்யாணத்துல மாப்பிள்ளைக்குப் பின்பக்கமா மாலை போடுவ" என்பார். வகுப்பே சிரிக்கும். தம்பியும் சிரிப்பான்.

அந்த வருஷம் உப்புக் காலத்திலும் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தோம் என்றுதான் அந்தக் கடிகாரத்தைக் கொடுத்தார்கள். நம் தலைமையாசிரியர் பெரிய சார் அதைச் சுவரில் மாட்டி, தினமும் வேட்டி நுனியால் துடைப்பார். உப்புக் காற்றுக்கு ஜன்னல் கம்பியே விரல் பட்டால் உதிரும், கடிகாரம் எந்த மூலைக்கு? சீக்கிரமே நின்றுவிட்டது. நின்ற பிறகும் துடைத்தார். இப்போது அது எங்கே போனதோ, யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

புரட்டாசியில் ஒரு அதிகாரி வந்தார். அப்போது சுனாமி நிவாரணம் என்று கரையோரக் குப்பங்களுக்கெல்லாம் அதிகாரிகள் ஜீப்பு ஜீப்பாக வந்துகொண்டிருந்தார்கள். கடலுக்குப் போகாத ஊர் என்பதால் நம் பக்கம் யாரும் திரும்பவில்லை. இவர் ஒருவர்தான் வந்தார். வகுப்புக்குள் வந்தவர் தூளிகளைப் பார்த்து நின்றுவிட்டார். அதற்குள் தம்பி தவழ்ந்துபோய் அவர் ஷூ நாடாவை வாயில் வைத்துக்கொண்டான்.

"இது ஸ்கூலா, புள்ள வளர்க்கிற எடமா?"

டீச்சர், "ரெண்டும்தான் சார்" என்றார்.

அவர் சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, வகுப்புக்குள் கைக்குழந்தைகள் இருக்கவே கூடாது, யாராவது மனு போட்டால் டீச்சர் வேலைக்கே ஆபத்து என்று சொன்னார். பள்ளிக்குப் பின்னால் குண்டும் குழியுமாகக் கிடந்த இடத்தைப் போய்ப் பார்த்தார். "இதை மட்டமா நெரவிக் காட்டுங்க. பால்வாடிக் கட்டடத்துக்கு எழுதுறேன். பூஜை லீவு முடிஞ்சி வருவேன். அதுவரைக்கும் இந்தத் தூளிய நான் பாக்கல."

அன்று சாயங்காலம் அம்மா அடுப்பூதிக்கொண்டே சொன்னாள்: "கட்டடம் வந்தா நீ படி. வரலன்னா தையிலேருந்து நீ வூட்ல இருந்து தம்பியப் பாத்துக்கோ. ஒங்க டீச்சருக்கு நம்மால வேல போவக் கூடாது. இன்னா?" நான் தலையாட்டினேன். அம்மா கல்மனசுக்காரி இல்லை. உப்பு வாரி வாரி அவள் பாதத்தில் வெடிப்பு பிளந்து கிடக்கும். ராத்திரி அதில் விளக்கெண்ணெய் தடவுவதுதான் என் வேலை. அந்தப் பாதத்தைப் பார்த்தவள் எதிர்த்துப் பேச முடியுமா?

மழைக்கு முன் அளத்துக்கு லீவு என்று இருந்தது ஆயுதபூஜை அன்று மட்டும்தான். ஆனால் அன்றைக்கு மண்வெட்டி, கூடை, உப்பு வாரும் பலகை எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துப் படையலுக்கு முன் சாத்தியிருப்பார்கள். மறுநாள்தான் எடுக்கலாம். அதற்கு முன் தொட்டால் அந்த வருஷம் உப்பு விளையாது என்று நமக்கெல்லாம் பயம். எனக்கு இன்றும் பயம்தான். என் வீட்டில் அரிவாள்மனையைக்கூட அன்று தொட மாட்டேன்.

அந்த ஒரு நாளில் நிலத்தை நிரவிவிட வேண்டும் என்று பள்ளிக்குப் பின்னால் ஊரே கூடி நின்றது. "மம்பட்டி இல்லாம மண்ண எப்படி நெரவுறது?" என்று அப்பா கையைப் பிசைந்தார்.

அளத்து மேஸ்திரி மாமாவைத் தெரியுமல்லவா? வாயைத் திறந்தால் பக்கத்து ஊர் கூனிமேடு வரைக்கும் கேட்கும். அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். "ஏம்பா, கால் இருக்குதுல்ல? காலுக்கு எவனாவது பொட்டு வச்சிப் படைச்சானா?"

"ஒங்க காலுக்கு வச்சாலும் தெரியாதுண்ணே. பொட்டு வெடிப்புக்குள்ள பூந்துக்கும்" என்றாள் அம்மா.

களிமண் கொண்டுவரக் கூடை வேண்டுமே? பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தோம். தட்டு ஆயுதமா இல்லையா என்று கொஞ்ச நேரம் தகராறு. கடைசியில் பெரிய சாரைக் கேட்டார்கள். அவர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "தட்டு சாப்பிடத்தானே? சண்டைக்கு இல்லியே? எடுத்துக்குங்க" என்று தீர்ப்புச் சொன்னார். தட்டுத் தட்டாகக் களிமண் வந்தது. குடம் குடமாகத் தண்ணீர் வந்தது.

அப்புறம் மிதித்தார்கள். அளத்தில் பாத்தி மிதிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வரிசையாகத் தோளோடு தோள் சேர்த்து, முதலில் குதிகால், பிறகு பாதம், கடைசியில் பெருவிரலால் ஒரு அழுத்து. அப்படியே பின்னால் நகர்ந்துகொண்டே போவார்கள். முதலில் சேறு காலை உறிஞ்சும். போகப்போகச் சத்தம் மாறும். கடைசியில் மத்தளத்தில் தட்டுவது போலக் கேட்கும். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு அம்மா பக்கத்தில் போய் நின்றார். கால் வழுக்கி இரண்டு தடவை அம்மா மேலேயே விழுந்தார். "டீச்சரு, நீ பாடத்தப் பாத்துக்கோ, நாங்க சேத்தப் பாத்துக்குறோம்" என்று எல்லாரும் கேலி செய்தார்கள். தம்பியின் இரண்டு கையையும் பிடித்து நானும் அவனை மிதிக்க வைத்தேன். அவன் காலுக்கு மண் அசையக்கூட இல்லை.

பொழுது சாயும்போது தரை தோசைக்கல் மாதிரி பளபளத்தது. மிதித்து ஒதுக்கின களிமண்ணை நாலு பக்கமும் விரல் உயரத்துக்குக் கரை கட்டி, மேஸ்திரி மாமா குதிகாலால் நீவிவிட்டார். அப்படி ஒரு அழகு. பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை நடுவில் ஊற்றினார். தண்ணீர் ஊற்றின இடத்தில் அப்படியே நின்றது.

"பாத்தியா! ஒரு சொட்டு உள்ள எறங்குதா பாரு!"

எல்லாரும் கைதட்டினோம். பெரிய சார், "கேரம்போர்டு மாதிரி இருக்குதுய்யா" என்று கரையோரமாகவே சுற்றிச் சுற்றி வந்தார். அவர் வானூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். நெல் வயலைப் பார்த்து வளர்ந்தவர். வரப்பு இல்லாத நிலம் அவர் கண்ணுக்கும் நிலமாகப் பட்டிருக்காது. இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. கட்டடம் கட்ட நல்ல இடம் வேண்டும் என்றார்கள். நம் பெரியவர்களுக்குத் தெரிந்த நல்ல இடம் தண்ணீர் இறங்காத இடம்தான். அவர்களுடைய மேலான வேலையைச் செய்து கொடுத்தார்கள்.

அடுத்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. ராத்திரி முழுக்க அடித்த மழை விட்ட காலையில்தான் அதிகாரி வந்தார். பள்ளிக்குப் பின்னால் குளம். நாலு பக்கமும் அழகான கரைக்குள், மேகத்தைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. பையன்கள் அதற்குள் காகிதக் கப்பல் விட்டிருந்தார்கள். மண் சாலையில் நின்ற மழைத் தண்ணீரெல்லாம் வடிந்திருந்தது. இங்கே மட்டும் வடியவில்லை.

அதிகாரி பேண்டைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். "தண்ணி நிக்கிற எடத்தப் போயி காட்டுறீங்களே?"

அப்பா முன்னால் வந்தார். "அதுவா நிக்கல சார். நாங்கதான் நிக்கிற மாதிரி பண்ணிட்டோம்."

"தோ, ஒரு நிமிஷம் சார்! கரைய வெட்டிவுட்டா ஓடிடும்" என்று மேஸ்திரி மாமா மண்வெட்டியோடு ஓடிவந்தார்.

"இன்னைக்கி வெட்டுவீங்க. கட்டடம் வந்தப்பறம் மழைக்கி மழை வெட்டிக்கினே இருப்பீங்களா? நாளைக்கிச் சுவர் ஊறிச்சின்னா என்னைத்தான் கேப்பாங்க." அவர் கோபமாகச் சொல்லவில்லை. டீச்சர் பக்கம் திரும்பி, "நான் என்னம்மா பண்றது?" என்றார். பிறகு, தூளிகளைக் கழற்றிவிடச் சொன்னார்.

டீச்சர் அன்று மதியம் ஒவ்வொரு தூளியாக அவிழ்த்து மடித்தார். மாம்பழ நிறப் புடவையை மடிக்கும்போது தம்பி அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

மழைக்காலம் முழுக்க அளம் மூடியிருந்தது. அம்மாக்கள் வீட்டில் இருந்தார்கள். அதனால் நாங்கள் பள்ளிக்கு வந்தோம். ஆனால் தை வந்தால் எனக்குப் பள்ளி கிடையாது. அது எனக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும்.

அந்த வருஷத்து மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாளுக்கு நாள் கொட்டியது. வேலை இல்லாமல் அப்பா சாயங்காலம் கங்கையம்மன் கோயிலுக்கு என்னைக் கூட்டிப்போவார். "தாயே, மழ நிக்கட்டும், அளம் தொறக்கட்டும்" என்று வாய்விட்டு வேண்டுவார். நான் அவர் பக்கத்திலேயே நின்று, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "தாயே, மழ நிக்கவே கூடாது" என்று வேண்டுவேன். ஒரே விளக்கு, ஒரே கற்பூரம். வீட்டில் அரிசிப் பானையின் அடி தெரிந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் வேண்டினேன். அவள் யார் பேச்சைக் கேட்பாள் பாவம்? பெற்றவளுக்கு இரண்டு பிள்ளைகளும் ஒன்றுதானே.

அப்பாவின் பேச்சைத்தான் கேட்டாள். மார்கழி முடியும்போது மழை விட்டது. என் பேச்சையும் அவள் கேட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

பொங்கலுக்கு மறுநாள். பள்ளிக்கு லீவு. மறுநாள் அளத்து வேலை தொடங்குகிறது. டீச்சர் கொடுத்த ஸ்லேட்டு என்னிடம் இருந்தது, அதைத் திருப்பி வைத்துவிட்டு வரலாம் என்று போனேன். அம்மாவும் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே வந்தாள். பின்பக்கம் போய்ப் பார்த்தோம். கரை வெட்டித் தண்ணீரை வடித்தது எப்போதோ. தரை காய்ந்து கிடந்தது. அத்தனை மழைக்கும் ஒரு வெடிப்பு இல்லை, ஒரு கல் வெளியே தலைகாட்டவில்லை. ஊரில் முள்ளும் கிளிஞ்சலும் இல்லாத இடம் அது ஒன்றுதான்.

அம்மா தம்பியைக் கீழே இறக்கினாள். அவன் அதுவரை தவழ்ந்தவன், பிடித்துக்கொண்டு நின்றவன். குனிந்து தரையை ஒரு தட்டு தட்டினான். எழுந்தான். நடந்தான். பொத்தென்று உட்கார்ந்தான். அழவில்லை. மறுபடியும் எழுந்து நடந்தான். காலில் எதுவும் குத்தவில்லை என்பதில் அவனுக்கே ஆச்சரியம் போல.

அம்மா அவனையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னிடம் இல்லை, தரையிடம் சொல்வது போலச் சொன்னாள்: "அளத்துல தண்ணிக்கு மொற வக்கிறோம். இன்னைக்கி ஒன் பாத்தி, நாளைக்கி என் பாத்தின்னு. புள்ளைங்களுக்கு மொற வச்சா இன்னாவாம்?"

அன்று சாயங்காலமே எங்கள் வாசலில் அம்மாக்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஒவ்வொரு நாளும் ஒருத்தி அளத்துக்குப் போகாமல் அந்தத் தரையில் எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக்கொள்வது. அவள் வார வேண்டிய பாத்தியை மற்றவர்கள் சேர்த்து வாரிவிடுவது. மேஸ்திரி மாமா, "அதெப்படி? மொதலாளி கேட்டா நான் இன்னா சொல்றது?" என்று குதித்தார்.

"பாத்தி வாரியிருக்குதா இல்லியான்னுதானே கேப்பாரு? வாரியிருக்கும். போய்ச் சொல்லுங்க" என்றாள் அம்மா. "ஒங்க பேரனையும் சேத்துதாண்ணே பாத்துக்கப் போறோம்."

நிழலுக்குக் கொட்டகை வேண்டியிருந்தது. மூங்கில் ஊரில் கிடைத்தது. கூனிமேட்டில் கீற்றுக்கடை வைத்திருந்த பாயிடம் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டபோது அவர், "புள்ளைங்க நெழலுக்குதானே? மொதல்ல எடுத்துக்கினு போ. மத்ததெல்லாம் அல்லா பாத்துக்குவான்" என்று மாட்டு வண்டியிலேயே ஏற்றி அனுப்பிவிட்டார். அவர் குடும்பத்தை ஆண்டவன் நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

பங்குனியில் அதிகாரி மறுபடியும் வந்தார். வகுப்புக்குள் எட்டிப் பார்த்தார். தூளி இல்லை. பின்னால் போனார். கொட்டகைக்கு வெளியே ஷூவைக் கழற்றிவிட்டு, அந்தத் தரையில் கொஞ்சதூரம் நடந்து பார்த்தார். "நல்லா இருக்குதும்மா" என்று மட்டும் சொன்னார். அந்த இடத்தில் பால்வாடிக் கட்டடம் வந்தது ரொம்ப வருஷம் கழித்துத்தான். டைல்ஸ் போட்டு, சுவரில் மயில் வரைந்து, நன்றாகத்தான் இருக்கிறது. நம் அம்மாக்கள் முறை வைத்த அந்தக் காலம் எந்தப் பலகையிலும் எழுதவில்லை. அதற்கு யாரும் கடிகாரம் கொடுக்கவில்லை. ஆகவே இங்கே எழுதிவைக்கிறேன். சாதனை என்று ஒன்றை மலரில் போட வேண்டுமானால் அதைப் போடுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது பற்றியும் கேட்டிருக்கிறார்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வேண்டும், கம்ப்யூட்டர் வேண்டும் என்று நீங்கள் சொன்னதெல்லாம் சரி. என் பங்குக்கு ஒன்றே ஒன்று. பள்ளிக்கும் பால்வாடிக்கும் நடுவில் காம்பவுண்டுச் சுவர் எழுப்பப் போகிறார்களாம். எழுப்பட்டும். அதில் ஒரு சின்ன வாசல் விடச் சொல்லுங்கள். கதவுகூட வேண்டாம்.

ஏன் என்று கேட்பீர்கள்.

முதல் முறை அம்மாவுடையது. பள்ளிக்கூடத்துப் பக்கம் வராத அம்மா அன்று தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதி வைத்துக்கொண்டு வந்து கொட்டகையில் உட்கார்ந்தாள். உள்ளே டீச்சர் வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று எல்லாரும் வாசலைப் பார்த்துச் சிரித்தார்கள். தம்பி. தரையைக் கடந்து தனியாக நடந்து வந்து, வகுப்பு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்துக் கையை நீட்டினான். நான் பழக்கத்தில் எழுந்துவிட்டேன்.

டீச்சர் என்னை உட்காரச் சொல்லிக் கை காட்டினார். அவரே போய் அவன் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பி நிறுத்தினார். "ஒனக்கு இன்னும் வயசு ஆவலடா. போ, அம்மாகிட்டப் போ."

வெளியே அம்மாவின் குரல் கேட்டது. "வாடா, என் ராசா, வா வா."

அவனுடைய பாதங்கள் தரையில் டப் டப் என்று போவது கேட்டது. நடுவில் சத்தம் நின்றது. விழுந்திருப்பான். பிறகு மறுபடியும் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா இருந்தாள். முழு முகத்தையும் கரும்பலகைப் பக்கம் வைத்துக்கொண்டு, டீச்சர் போட்ட கணக்கை முதல் வரியிலிருந்து படித்தேன்.